ஊர்க்கணக்கில் ஓர் அமானிதம்

ஓர் ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது பார்வைக்கு எளிய கேள்வி. வீடு வீடாகச் சென்று தலைகளை எண்ணிக் கூட்டினால் விடை கிடைத்துவிடும் என்றே எவரும் கருதுவர். ஆயினும் 'வாழ்கின்றனர்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என வினவத் தொடங்கியதும் அந்த எளிமை மறைந்துவிடுகிறது. துபாயில் பணிபுரிந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து செல்லும் கணவர் காயல்பட்டினத்தில் வாழ்கிறாரா? கீழக்கரையில் பிறந்து, சென்னை மண்ணடியில் வணிகம் செய்து, பெருநாளுக்கு மட்டும் ஊர் திரும்புபவர் எந்த ஊரார்? அவரை எந்த ஊரின் கணக்கில் எழுதுவது நியாயம்?

புள்ளிவிவர நூலாரிடம் விட்டுவிட வேண்டிய கேள்விகள் இவை என்று சிலர் நினைக்கலாம். எனினும் கணக்கெடுப்பாளர் வாயிற்படியில் நிற்கும்போது விடை சொல்பவர் புள்ளிவிவர நூலார் அல்லர், நாமே. நாம் சொல்லும் சொல்லே எண்ணாகிறது. அந்த எண்ணே பின்னர் பங்கீடாகிறது. ஆகவே இது ஓர் ஒழுக்கவியல் கேள்வியும் ஆகும். 2021ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய இந்திய மக்கள் கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இத்தருணத்தில் இக்கேள்வியைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது பயனுடையது.

எண்ணும் முறை

இந்தியாவில் 1872ஆம் ஆண்டை ஒட்டி முதல் கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் எண்ணப்பட்டது 1881இல்தான். அன்று தொடங்கி 1931 வரை, குறித்த ஓர் இரவில் யார் எங்கே தங்கியிருந்தாரோ அங்கேயே அவரை எண்ணுவது வழக்கமாக இருந்தது. 1941இல் அந்த ஓரிரவு முறை கைவிடப்பட்டது. இன்றைய முறை வேறு. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. ஒரு வீட்டில் வழக்கமாக வாழ்பவர் அந்த நாள்களுள் ஏதேனும் ஒரு பொழுதில் அங்கு இருந்திருந்தால் அவ்வீட்டுக் கணக்கில் சேர்வார். அக்காலம் முழுவதும் வெளியூரில் இருந்தவர், தாம் இருந்த இடத்தில் எண்ணப்படுவார். வெளிநாட்டில் இருந்தவரோ எங்கும் எண்ணப்படமாட்டார்.

இவ்விதி சபுராளிகள் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் விளைவிப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே தெருவில் இரு சகோதரர்கள். இருவரும் வளைகுடாவில் ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர்கள். ஒருவரின் விடுப்பு பிப்ரவரியில் அமைகிறது. மற்றவரின் விடுப்பு ஏப்ரலில். முன்னவர் தம் வீட்டுக் கணக்கில் இடம் பெறுகிறார். பின்னவர் நாட்டின் கணக்கிலேயே இல்லை. இருவரும் ஊருக்கு அனுப்பும் பணம் ஒன்றே. பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் நன்கொடையும் ஒன்றே. ஆயினும் பட்டியலில் ஒருவர் ஊரார், மற்றவர் இல்லாதவர்.

2011 கணக்கின்படி தமிழகத்தில் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள். கேரளத்தில் 1000 ஆண்களுக்கு 1084 பெண்கள். ஆண்கள் பெருவாரியாகக் கடல் கடந்து சென்றிருப்பதும் கேரளத்தின் எண்ணுக்கு ஒரு காரணம். அந்தக் கூடுதலான 84ஐப் படிப்பவர் அதனுள்ளே எத்தனை வீடுகளின் தனிமை அடங்கியிருக்கிறது என்பதையும் உணர வேண்டும்.

ஊர்களின் வளர்ச்சியை ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. சென்னையின் மக்கள்தொகை 2001இல் 43 லட்சம்; 2011இல் 46 லட்சம். அதே 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; விரிந்த எல்லைக்குள் அடங்கியோர் 66 லட்சத்துக்கு மேல். ஒரு குழந்தை கூடுதலாகப் பிறக்காமலே, ஒரு குடும்பம் கூடக் குடிபெயராமலே, எண் உயர்ந்தது. மேலப்பாளையமோ ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது அதனுள் இணைந்தது. ஊர் அங்கேயே இருக்கிறது. நகராட்சிகளின் பட்டியலில் அதன் வரிசை மட்டும் நின்றுபோயிற்று. கேரளத்தில் நகரவாசிகளின் பங்கு 2001இல் 26 விழுக்காடு. 2011இல் 47 விழுக்காட்டுக்கும் மேல். 5000 மக்களும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கமும், ஆண் உழைப்பாளருள் முக்கால் பங்கினர் வேளாண்மையல்லாத தொழிலிலும் இருந்தால் ஒரு கிராமம் கணக்கில் நகரமாகிவிடும். அப்படி நகரமானவையே அங்கு மிகுதி. எண் மாறுவது வேறு, மக்கள் மாறுவது வேறு என்னும் இந்தப் பாகுபாட்டை அறியாமல் "எங்கள் ஊர் வளர்ந்தது, உங்கள் ஊர் தேய்ந்தது" என்று பேசுவது பொருளற்றது.

எண்ணால் விளைவன

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகராட்சிகளைப் பொறுத்தவரை 'மக்கள்தொகை' என்றால் இறுதியாக வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின் எண்ணிக்கையே என்று வரையறுத்துள்ளது. பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் நகராட்சி மன்றத்தில் எத்தனை இடங்கள் என்பது அந்த எண்ணின் விகிதத்தில் அமைகிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சி மானியங்களை மாநிலங்களிடையே பகிர்ந்த 15ஆவது நிதிக்குழு, 2011 மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் மதிப்பளித்தது. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. 1000 பேர் கணக்கில் விடுபட்டால் நாள்தோறும் 1,35,000 லிட்டர் நீர் திட்டத்தில் விடுபடுகிறது என்பது இதன் பொருள். 2011க்குப் பின் பிறந்த குழந்தை பள்ளியில் எட்டாம் வகுப்பை எட்டிய பின்னரும் அவன் ஊரின் திட்டங்கள் அவன் பிறவாத காலத்து எண்ணையே பற்றி நின்றன என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் ஏட்டில் உள்ள கணக்கு

யார் எந்த ஊரார் என்னும் கேள்வி நம் மார்க்க அறிஞர்களுக்குப் புதிதன்று. பயணி யார், தங்கியவர் யார் என்று அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணம் கொண்டவர் தங்கியவராவார் என்பது ஷாஃபிஈ மத்ஹப். பதினைந்து நாள் என்பது ஹனஃபீ மத்ஹப். ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்று கூறும் ஷாஃபிஈ அறிஞர்கள், அந்த நாற்பதின்மரும் அவ்வூரையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவர்களாக, தேவைக்கன்றி அதனை விட்டு நீங்காதவர்களாக இருக்க வேண்டும் என்றனர். வந்து தங்கியிருப்பவர் தொழலாம். நாற்பதில் ஒருவராக எண்ணப்படமாட்டார். உடலால் இருத்தலும், உரிமையால் சேர்ந்திருத்தலும் வேறு வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எந்த நோக்கத்துக்கு எதனை எண்ண வேண்டும் என்று பிரித்துக் காட்டினர்.

நம் ஜமாஅத்துகளின் தலைக்கட்டு ஏடும் ஒரு குடிமதிப்பே. அதில் சபுராளி ஒருபோதும் விடுபடுவதில்லை. அவர் சிங்கப்பூரில் இருந்தாலும் ஜித்தாவில் இருந்தாலும் அவர் பெயரில் வரி எழுதப்படுகிறது. அவர் வீட்டுத் திருமணத்துக்கும் மையித்துக்கும் ஊர் துணை நிற்கிறது. அரசாங்கக் கணக்கு மறந்தவரை ஊர்க்கணக்கு மறப்பதில்லை. இது நம் மரபின் பெருமை.

ஆனால் இந்த ஏட்டின் மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். பல ஊர்களில் தலைக்கட்டு என்றால் ஆண்மகன் மட்டுமே. கணவனை இழந்து, தன் உழைப்பால் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் வீடு, அவளுடைய சகோதரனின் பெயரிலோ வளர்ந்த மகனின் பெயரிலோ எழுதப்படுவதுண்டு. சில இடங்களில் எழுதப்படாமலே போவதும் உண்டு. அரசாங்கக் கணக்கெடுப்பாளரோ அந்த வீட்டுக்குச் சென்றால் அவளையே குடும்பத் தலைவியாக எழுதுவார். அவளுடைய கைக்குழந்தையும் நகராட்சித் தலைவரும் அவருக்கு ஒவ்வோர் ஆள்தாம். இல்லாத ஆணை நம் ஏடு மறப்பதில்லை. இருக்கும் பெண்ணை அந்த ஏடு மறக்கிறது. இருக்கும் பெண்ணை அரசாங்கக் கணக்கு காண்கிறது. இல்லாத ஆணை அது காண்பதில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நமக்கு உணர்த்துகிறது. ஜகாத்தும் சதகாவும் உரியவர்க்குச் சென்று சேர வேண்டுமானால் முதலில் திருத்த வேண்டியது நம் கையிலுள்ள ஏட்டையே.

ஊருக்காக ஒரு பொய்

இனி, உள்ளத்தை உறுத்தும் கேள்விக்கு வருவோம். விதி நியாயமற்றதாகத் தோன்றும்போது, ஊரின் நலனுக்காக வெளிநாட்டில் உள்ள மகனை "வீட்டில்தான் இருக்கிறான்" என்று எழுதச் சொன்னால் என்ன? அவன் இந்த மண்ணின் மைந்தன் அல்லவா? அவன் வருவாயால்தானே இவ்வூர் வாழ்கிறது? இதில் எவருக்குத் தீங்கு?

இக்கேள்வி அற்பமானதன்று. இதனைக் கேட்பவர் தமக்கென்று எதையும் விரும்பவில்லை, ஊருக்காகவே விரும்புகிறார். ஆயினும் தீங்கு இருக்கிறது. முதலாவது, பங்கிடப்படும் தொகை வரம்புடையது. ஓர் ஊர் தன் எண்ணைப் பொய்யாகக் கூட்டிக்கொண்டால், அப்பங்கு வானிலிருந்து இறங்குவதில்லை. அண்டை ஊரின் கிணற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. அவ்வெச்சரிக்கை தானியம் அளக்கும் மரக்காலுக்கு மட்டும் உரியதன்று. ஆட்களை அளக்கும் படிவத்துக்கும் உரியது. நமக்கே எதிராக அமைந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது திருமறை நமக்கு இட்ட கட்டளை.

இரண்டாவது தீங்கு நமக்கே நேர்வது. இல்லாத ஆண்களை இருப்பவர்களாக எழுதினால், பெண்களும் முதியோரும் குழந்தைகளும் மட்டுமே வாழும் ஓர் ஊரின் உண்மை நிலை மறைந்துபோகிறது. மகப்பேறு மருத்துவர் எத்தனை பேர் வேண்டும், முதியோருக்கு எத்தகைய மருத்துவ வசதி வேண்டும் என்பதை அந்தப் பொய்யான பட்டியல் சொல்லாது. எண்ணைப் பெருக்கிக் காட்டிய ஊர், தன் தேவையை மறைத்த ஊராகவும் ஆகிவிடும்.

ஆனால் விதியை வகுப்போருக்குப் பொறுப்பு இல்லையா? உண்டு. இதற்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் மறக்கவொண்ணாத படிப்பினை இருக்கிறது. அவர்கள் தம் ஆட்சியில் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, மக்களின் பெயர்களை எழுதி, பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை உண்டு என்பது தொடக்க விதி. ஓரிரவு மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் புரியச் சென்றபோது, ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார்கள். காரணம் வினவியபோது, வந்திருப்பவர் யாரென அறியாத அந்தத் தாய், பால் மறந்த பிள்ளைக்கே உமர் தொகை தருவதால் இவனை முன்கூட்டியே பால் மறக்கச் செய்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் அவர்களுடைய அழுகையால் ஓதுதல் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. பிறந்த நாள் தொட்டே குழந்தைக்குத் தொகை உண்டு என்று விதியை மாற்றி, எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

கலீஃபா அந்தத் தாயைப் பொய்யள் என்று கடிந்துகொள்ளவில்லை. தாம் வகுத்த விதியே அவளை அந்நிலைக்குத் தள்ளியது என்று உணர்ந்தார்கள். எண்ணும் விதி எங்கோ ஒரு குழந்தையை அழவைக்கிறதா என்று தேடிச் செல்வது ஆள்வோரின் கடமை. விதியின் தீங்கை மறைக்காமல் எடுத்துரைப்பது குடிமக்களின் கடமை. வெளிநாடு சென்றோரைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள் என்று நம் நகராட்சி மன்றங்களும் சங்கங்களும் வெளிப்படையாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். அது உரிமைக் குரல். படிவத்தில் பொய் எழுதுவது அந்தக் குரலையே வலுவிழக்கச் செய்வது.

பெருமையும் அச்சமும்

எண்ணிக்கையில் மனிதன் இரு நோய்களுக்கு ஆளாகிறான். ஒன்று பெருமை. நாங்கள் இத்தனை பேர் என்று போட்டியிட்ட இரு குலத்தார், உயிருடன் இருப்போரை எண்ணி முடித்து, பின்னர் அடக்கத்தலங்களுக்குச் சென்று இறந்தோரையும் எண்ணினர் என்று 'தகாஸுர்' அத்தியாயத்தின் விளக்கவுரைகளில் ஒரு செய்தி காணப்படுகிறது. ஹுனைன் போரில் முஸ்லிம்கள் பன்னிரண்டாயிரம் பேர். அந்தப் பெருக்கம் அவர்களை மகிழ்வித்தது; தொடக்கத்தில் அது ஒரு பயனும் அளிக்கவில்லை என்பதைத் திருமறையே நினைவூட்டுகிறது. ஊரின் எண் உயர்ந்தது என்று மகிழ்வோர், அந்த எண்ணுக்குள் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தியவர்கள், எத்தனை வீடுகள் கடனில் மூழ்கியவை என்று கேட்டதுண்டா?

மற்றொரு நோய் அச்சம். இதனை இகழ்ந்து ஒதுக்க இயலாது. ஏனெனில் எண்ணியவர்களே எண்ணப்பட்டோரை வேட்டையாடிய நாள்களும் உலக வரலாற்றில் உண்டு. 1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வழிவந்த சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் வாழ்கின்றனர் என்பதைக் காட்டும் பட்டியல்களைக் கணக்கெடுப்புத் துறையே தந்தது. 2000ஆம் ஆண்டில் அத்துறையின் தலைவர் அதற்காக மன்னிப்புக் கோரினார். ஆகவே, "எதற்காக எண்ணுகிறீர்கள்?" என்று கேட்பது குற்றமன்று.

அந்தக் கேள்விக்குரிய விடையைச் சட்டத்தை அறிந்து தேட வேண்டும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம், தனி மனிதரைப் பற்றிய பதிவுகளை எவரும் பார்வையிடுவதற்கும், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் நீங்கலாக, வழக்குமன்றத்தில் சான்றாக வைப்பதற்கும் இடமளிக்கவில்லை. விடை அளிப்பவர் தம் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை கூற வேண்டும் என்கிறது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. கணவரின் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள்தொகைப் பதிவேடு என்பது வேறு. அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 2003இல் வகுக்கப்பட்ட விதிகளைச் சார்ந்தது. 2010இல் வீட்டுப் பட்டியல் எடுத்தபோதே அதற்கும் விவரம் சேர்க்கப்பட்டதால் மக்கள் இரண்டையும் ஒன்றென எண்ணினர். எந்தப் படிவம் எந்தச் சட்டத்துக்குரியது என்று அறிந்து விடையளிப்பது விவேகம். அச்சத்தால் கதவை அடைத்துக்கொள்வோர், கணக்கில் இல்லாதவராகித் தம் தெருவின் பங்கையும் இழப்பர். அரசாங்கம் வாக்குக் காப்பதும், மக்கள் உண்மை கூறுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று சரிந்தால் மற்றதும் சரியும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு பணித்ததையும், ஆயிரத்து ஐந்நூறு பேரை எழுதியதையும் ஹுதைஃபா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்கையில் நமக்கு அச்சமா என்று அன்று தோழர்கள் எண்ணினர். பின்னொரு காலத்தில், ஒருவர் தனித்து நின்று அஞ்சித் தொழும் சோதனையையும் கண்டோம் என்று அவர்களே கூறுகிறார்கள். பெருமையும் அச்சமும் ஒரே தலைமுறைக்குள் வந்து போயின. அந்த எழுத்துக்கு எது குறிக்கோளோ அது மட்டும் நிலைத்தது.

இருத்தலும் உரிமையும்

இறுதியாக ஒன்று. கணக்கு ஒரு நாளின் இருப்பைச் சொல்லும், உரிமையைத் தீர்ப்பளிக்காது. இலங்கையில் 1981க்குப் பின் தீவு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2012இல்தான் நடைபெற்றது. இடையே, 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். யாழ்ப்பாணச் சோனகர் தெருவின் மக்களைப் புத்தளத்தில் எழுதினால் வடக்கில் அவர்கள் இல்லாதவர் ஆகின்றனர். வடக்கில் எழுதினால் புத்தளத்துப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தாம் சுமக்கும் உண்மையான பாரத்துக்கு எண் இன்றித் தவிக்கும். எங்கே உண்கிறார்களோ உறங்குகிறார்களோ அங்கே எழுதுவதே கணக்கின் நேர்மை. ஆனால் ஒரு பட்டியலில் ஒரு சமூகத்தின் நேரே சிறிய எண் இருப்பதைக் காட்டி, "இவர்கள் இங்கே இல்லை, ஆகவே இவர்களுக்கு இங்கே உரிமை இல்லை" என்று கூறுவது அந்தக் கணக்கைக் கொண்டே செய்யும் அநீதி. இல்லாமை உரிமையின்மை ஆகாது. எண் சிறிதாயிருக்கும் இடத்தில், அது ஏன் சிறிதாயிற்று என்று கேட்பதே முறை.

ஆகவே நமக்குள்ள கடமை தெளிவானது. கணக்கெடுப்பாளர் வரும்போது இருப்பவரை இருப்பவராகவும் இல்லாதவரை இல்லாதவராகவும் சொல்ல வேண்டும். முதியவரையும், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையையும், வீட்டு வேலைக்கு வந்து நம்முடனே தங்கியிருக்கும் ஏழைப் பெண்ணையும் விடாமல் சொல்ல வேண்டும். விதியில் குறை கண்டால் அதனை மன்றத்தில் பேச வேண்டும். நம் ஜமாஅத்து ஏட்டில் விதவையின் பெயரையும் எழுத வேண்டும். தன் அடியார் ஒவ்வொருவரையும் தவறாமல் எண்ணி வைத்திருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். அந்தக் கணக்கில் எவரும் விடுபடுவதில்லை. எவரும் இரட்டிப்பதும் இல்லை. மனிதர் எழுதும் கணக்கு அந்த நிறைவை எட்டாது. எனினும் நாம் சொல்லும் ஒரு விடையால் ஓர் அண்டை வீட்டாரின் பங்கு குறையாமலும், நம் வீட்டு எளியவர் ஒருவர் விடுபடாமலும் பார்த்துக்கொள்வது நம் ஆற்றலுக்கு உட்பட்டதே. அந்த அமானிதத்தை நிறைவேற்ற வல்ல இறைவன் நமக்குத் துணை புரிவானாக.